சீர் வண்டிக்கு ஒரு பை

ஒரு பை வாங்குவதற்குக் கொளஞ்சியப்பன் மூன்று வாரம் யோசித்தான். கடை கடையாக ஏறி இறங்கி, ஜிப்பை இழுத்துப் பார்த்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, ரயில்வே கேட்டில் நிற்கும்போது அடுத்தவன் வண்டியில் மாட்டியிருக்கும் பையை அவன் "என்னா வேணும்?" என்று கேட்கும் வரைக்கும் முறைத்துப் பார்த்து, அப்படி யோசித்தான். ஆனால் எந்த வண்டிக்கு அந்தப் பையோ, அந்த வண்டியை வாங்கிக்கொண்டபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாலையோடு வந்தது, கையை நீட்டி வாங்கிக்கொண்டான். அங்கே யோசிக்கக் கூடாது, அதுதான் நம் பக்கத்து மரியாதை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனை நாலு பேர் மதிப்பார்களா?

கொளஞ்சியப்பனுக்கு நாற்பத்தைந்து வயது. விருத்தாசலம் பக்கத்துக்காரன், அந்தப் பக்கத்துச் சாமியின் பெயர், கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் கரும்பும் மணிலாக் கடலையும் போட்டவர்கள். இவன் கைக்கு மட்டும் எப்படியோ மூக்குக்கண்ணாடி வந்து சேர்ந்தது. சிதம்பரம் கீழ வீதியில் சிற்சபேசன் என்பவர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக ஃபிட்டர். லென்ஸைக் கடைந்து ஃபிரேமில் உட்கார வைப்பான். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான் என்றால், வேறு யார் கண்ணுக்கும் தெரியாத மயிரிழைக் கீறல் அவன் கண்ணுக்குத் தெரியும். "இதுல கோடு கீது சார், திருப்பி அனுப்புங்க" என்பான். சிற்சபேசன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, கடைசியில் ஆமாம் என்பார்.

வேலை சிதம்பரத்தில், வீடு திருப்பாதிரிப்புலியூரில். மனைவி அமிர்தத்துக்குக் கடலூர்த் துணிக்கடையில் வேலை, மகள் அறிவுமதிக்கு அங்கே பள்ளிக்கூடம், அதனால் இவன் ஒருவன்தான் தினம் போய் வரவேண்டும். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் போக, அதே அளவு வர. பதினேழு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனான். ஒன்றரை வருடமாகத்தான் வண்டி.

அந்த வண்டி வந்த கதையைச் சொல்லிவிட்டுப் பைக்கு வருகிறேன்.

அமிர்தம் பிறந்த வீடு மங்கலம்பேட்டை. இரண்டு பெண், ஒரு பையன். மூத்தவளைக் கட்டியவர் விவசாய ஆபீசர், ஜீப்பில் வந்து இறங்குவார். விசேஷம் என்றால் மாமனார் வீட்டில் அவருக்கு நாற்காலி போடுவார்கள். கொளஞ்சியப்பனுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. வந்த உடனே சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அவனும் சிரித்துக்கொண்டே பந்தி விசாரிப்பான். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டான். ஆனால் ராத்திரி படுக்கும்போது, "அந்த ஆளு எழுந்து தண்ணிகூட மோந்து குடிக்கல பாத்தியா" என்று அமிர்தத்திடம் ஒருமுறையாவது சொல்லாமல் தூங்க மாட்டான்.

அறிவுமதிக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. தாய்மாமன் இளவரசு, அமிர்தத்தின் தம்பி, மேளதாளத்தோடு ஐம்பத்தோரு தட்டு சீர் கொண்டுவந்தான். தட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள் ஒரு மோட்டார் சைக்கிளை. கறுப்பு வண்டி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மாதிரி மினுமினுப்பு, ஹேண்டில்பாரில் சம்பங்கி மாலை. மைக்கில் அறிவித்தார்கள், தாய்மாமன் இளவரசு தன் அக்காள் கணவருக்கு அன்போடு அளிக்கும் சீர் என்று. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆபீசர் சகலையும் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தோளில் துண்டு போட்டு, சாவியைக் கொடுத்தான் மச்சான். பழைய வண்டிதான், இளவரசு மங்கலம்பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்கிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும். புதுசா பழசா என்பதா முக்கியம்? நாலு பேர் முன்னால் நாற்காலி கிடைத்தது. சாவியை வாங்கும்போது கொளஞ்சியப்பன் அழுதுவிட்டான். ஆர்சி புத்தகத்தில் பேர் மாற்றித் தருவதாக இளவரசு சொன்னான், அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை, இவனும் கேட்கவில்லை. சீர் கொடுத்தவனிடம் பேப்பர் கேட்பதா? நாக்கு கூசாது?

இப்போது பைக்கு வருவோம். கடைக்கு வேண்டிய லென்ஸ் பாண்டிச்சேரியிலிருந்து பார்சலில் கடலூருக்கு வரும். சாயங்காலம் எடுத்து வைத்து, மறுநாள் காலையில் கொண்டுபோக வேண்டியது கொளஞ்சியப்பன் பொறுப்பு. முதுகில் மாட்டிக்கொண்டு போனான், கழுத்திலிருந்து இடுப்பு வரை பிடித்துக்கொண்டது. பின்னால் கட்டினான், ரோடு போடுகிறேன் என்று ஆலப்பாக்கத்திலிருந்து கிளறி வைத்திருக்கிறார்களே, அந்தக் குலுக்கலில் ஒரே வாரத்தில் ஆறு லென்ஸ் விளிம்பு பெயர்ந்தது. சிற்சபேசன் திட்டுகிற ஆள் இல்லை. உடைந்ததை வரிசையாக மேசைமேல் வைத்துவிட்டு, "என்னப்பா இது" என்று மட்டும் கேட்டார். அது திட்டுவதைவிட ஜாஸ்தி. அன்றைக்குத்தான் முடிவு செய்தான், கண்ணுக்கு முன்னால், பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் பை ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தேவசகாயம் என்பவர் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது, பேச்சு குறைவு. மூன்று வாரத்தில் கொளஞ்சியப்பன் நாலு தடவை போய்வந்த கடை. டேங்க் முழுவதையும் மூடும் ரெக்சின் உறையில் பாக்கெட் வைத்தது ஒன்று இருந்தது. விலை குறைவு, ஆனால் ஒரு மழைக்குத் தாங்காது, லென்ஸுக்குப் பஞ்சு மெத்தையும் கிடையாது. வார் வைத்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டும் பை ஒன்று. கெட்டி, ஆனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்டவேண்டும். மூன்றாவது, காந்தம் வைத்த பை. இரண்டு பக்கமும் காது மாதிரி மடிப்பு, அதற்குள் காந்தம். வைத்தால் டேங்கைப் பிடித்துக்கொள்ளும், ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும், அப்படியே கடைக்குள் எடுத்துப் போகலாம். உள்ளே தடித்த பஞ்சு. மேலே கண்ணாடித் தாள் போட்டு செல்போன் வைக்க இடம். அதைத்தான் அவன் மனசு கேட்டது. மழை வந்தால்? தனி உறை இருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் ஹாரன் மேல் இடிக்குமா? சின்ன அளவு எடுத்தால் இடிக்காது. எல்லாம் கேட்டுக் கேட்டு, அமிர்தத்திடமும் சொல்லிச் சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாங்கியே விடுவது என்று போனான்.

"மாட்டிப் பாத்துட்டே எடுத்துக்குங்க" என்றார் தேவசகாயம்.

வைத்தான். வலது காது டப்பென்று பிடித்தது. இடது காது வழுக்கிக் கீழே தொங்கியது. தூசியாக இருக்கும் என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. பையில்தான் கோளாறு என்று தேவசகாயம் வேறு பை எடுத்து வந்தார், அதுவும் வழுக்கியது. பையைத் திருப்பிப் போட்டு, வலது பக்கத்தைக் கொண்டுபோய் இடது பக்கம் வைத்தார், தொங்கியது. அப்புறம் மேசை டிராயரைத் திறந்து சின்னதாக ஒரு காந்தம் எடுத்து வந்து டேங்க்கின் இடது பக்கம் முழுக்க ஓட்டிப் பார்த்தார். மேலே விளிம்பில் பிடித்தது. நடுவில் பொத்தென்று தரையில் விழுந்தது. விரல் முட்டியால் வலது பக்கம் தட்டினார், தகரச் சத்தம். இடது பக்கம் தட்டினார், சுவரைத் தட்டின மாதிரி இருந்தது.

"பட்டி வச்சிருக்காங்க தம்பி. நசுங்கினத எடுக்காம, மேல பட்டியப் பூசித் தேச்சி பெயின்ட் அடிச்சிருக்காங்க. பெரிய அடி."

கொளஞ்சியப்பன், "இது சீர் வந்த வண்டிங்க, எம் மச்சான் குடுத்தது" என்றான். அதைச் சொன்னால் டேங்க்கில் காந்தம் பிடித்துவிடும் என்பது போல இரண்டு தடவை சொன்னான்.

தேவசகாயம் அவனைப் பார்க்கவில்லை. காந்தத்தை டிராயரில் போட்டு மூடிவிட்டு, அப்படியென்றால் வார் வைத்த பைதான் சரிப்படும் என்றார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு கொளஞ்சியப்பன் கடைக்குத் திரும்பினான். அன்றைக்குக் கடைந்த லென்ஸ் இரண்டு தப்பாகப் போனது.

சாயங்காலம் நாற்பத்தைந்து கிலோமீட்டரும் அந்த இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அடிபட்ட வண்டி என்றால் என்ன, ஊரில் ஓடுகிற பழைய வண்டியில் பாதி அடிபட்டதுதான் என்று வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் தன்னைத்தானே சமாதானம் செய்தான். அதற்குமேல் முடியவில்லை. வண்டி எப்போதும் இடது பக்கம் இழுக்கும். டயர் புதுசு, போகப்போகச் சரியாகும் மாமா என்று மச்சான் சொல்லியிருந்தான். ஒன்றரை வருடமாகவா ஒரு டயர் புதுசாக இருக்கும்? அப்புறம் அமிர்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பாள், அமாவாசை அமாவாசைக்கு வண்டியைச் சுற்றிக் கற்பூரம் கொளுத்துவாள், ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிறு. நம்மேல் எவ்வளவு அக்கறை என்று பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடப் பெருமையடித்திருக்கிறான், பைத்தியக்காரன். அதே அமிர்தம் ஒரு நாளாவது இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறாளா? சீட் உயரம், புடவை சிக்கும், இடுப்பு வலி, டவுன் பஸ்தான் சௌகரியம். அறிவுமதியை டியூஷனில் விடுகிறேன் என்றால், நடந்து போகட்டும், உடம்புக்கு நல்லது. புதுச்சத்திரம் தாண்டும்போது இது நினைவுக்கு வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, டேங்க்கின் இடது பக்கத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண். தூ.

வீட்டுக்கு வந்தபோது அமிர்தம் அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அறிவுமதி டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று கேட்டான்.

"இந்த வண்டில செத்தது யாரு?"

அமிர்தம் தலையைத் தூக்கவில்லை. "யாரு சொன்னது ஒங்களுக்கு?" என்றாள்.

அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் அவளே சொன்னாள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரியில் போய் மோதிச் செத்துப்போனவன் செந்தமிழ்செல்வன் என்ற இருபத்து மூன்று வயதுப் பையன். அவன் அப்பா அந்த வண்டியைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இளவரசு காயலான் கடை விலைக்கு எடுத்தான். பட்டி பூசிப் பளபளவென்று ஆக்கியும் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒருத்தன் தொடவில்லை. சாவு விழுந்த வண்டி என்று எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதம் கொட்டகையில் நின்றது. சீருக்கு என்ன செய்யலாம் என்று பிறந்த வீட்டில் பேச்சு வந்தபோது அந்த வண்டி எல்லோர் ஞாபகத்துக்கும் வந்தது.

"அவனா குடுக்கலிங்க. சும்மாதான நிக்குது, எங்க ஊட்டுக்காரருக்குக் குடுடா தம்பின்னு நாந்தான் கேட்டன்" என்றாள் அமிர்தம். "பதினேழு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டுப் போனீங்க. யாரு வாங்கித் தரப் போறாங்க நமக்கு? எங்க அக்கா ஊட்டுக்காரரு முன்னாடி நீங்களும் ஒரு நாளு ஒக்காரணும்னு இருந்துச்சி. ஒங்களுக்கா தெரியப் போவுதுன்னு நெனச்சன்."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை. கொளஞ்சியப்பனுக்கும் அது தெரிந்தது, தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்டான். அதுக்குத்தான் வாரம் தவறாமல் எலுமிச்சம்பழம் வைத்தேன், மனசு அடித்துக்கொண்டுதான் கிடந்தேன் என்றாள்.

"பழம் வச்சா போதும்னா, பாப்பாவ ஏன் ஒரு நாளும் ஏத்த உடல?"

அமிர்தம் உரித்த இறாலை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவன் செருப்போடு வாசற்படியிலேயே நின்றான். அறிவுமதி வந்து செருப்பைக் கழற்றி, "ஏம்ப்பா இங்கயே நிக்கிற?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று உள்ளே போனான்.

அவன் பெயர் வைத்திருக்கும் சாமி சாதாரணச் சாமி இல்லை. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவார்கள். கோர்ட்டில் மனு போடுவது மாதிரி தனக்கு நடந்த அநியாயத்தைத் தாளில் எழுதி, யார் செய்தது என்று பெயரும் போட்டுக் கோயிலில் கட்டிவிட்டால் சாமி விசாரிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவுமதியின் நோட்டிலிருந்து தாள் கிழித்து உட்கார்ந்தான். நடந்ததையெல்லாம் எழுதினான். செய்தவர் பெயர் என்ற இடத்தில் இளவரசு என்று எழுதினான். அவனாகக் கொடுக்கவில்லையே, கேட்டு வாங்கியவள் இருக்கிறாளே. அமிர்தத்தின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நகரவில்லை. சாமி விசாரித்து அவளுக்கு ஒன்று ஆனால், அழுவதும் இவன்தானே? அதோடு, நாற்காலிக்கு ஆசைப்பட்டு ராத்திரியெல்லாம் அவளிடம் புலம்பினவன் யார்? தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டான். பிராது கட்ட ஆள் கிடைக்காத அநியாயம் அவனுக்கு வாய்த்தது.

வண்டியை விட்டுவிடலாம்தானே என்று கேட்பீர்கள். சுலபமாகக் கேட்டுவிடலாம். மறுபடி பஸ்ஸில் நின்றால், சீர் வந்த வண்டி எங்கே என்று மங்கலம்பேட்டையிலிருந்து கடலூர் வரை கேட்பார்கள். விற்கலாம் என்றால் தெரிந்தே இன்னொருத்தன் தலையில் கட்டவேண்டும், அதற்கும் மனசு வரவில்லை. இன்னொன்று வாங்க வழியில்லை. புதன்கிழமை வருவதாகச் சொன்ன சொல் தவறிவிட்டாலும், மறு திங்கட்கிழமை தேவசகாயம் கடைக்குப் போய் வார் வைத்த பையை வாங்கினான். ஜிப்பை இழுத்துப் பார்க்கவில்லை, தையலை நெருடவில்லை. தேவசகாயமே நாலு வாரையும் இழுத்துக் கட்டிக் காட்டினார். இடது பக்கம் முழுக்கப் பைக்கு அடியில் மறைந்தது.

பை நல்ல பைதான். அதற்கப்புறம் ஒரு லென்ஸ்கூட உடையவில்லை. "பேஷ், இத முன்னாடியே வாங்கியிருக்கப்படாதோ" என்றார் சிற்சபேசன். அமிர்தம் எலுமிச்சம்பழம் வைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பாடு, துணி, மகள் படிப்பு எல்லாம் பேசினார்கள். வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பொங்கல் வந்தது. தாய் வீட்டுச் சீர் கொண்டு இளவரசு வந்தான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பானை, புடவை. நெல்லிக்குப்பம் போகிற சிநேகிதன் காரில் வந்து இறங்கிக்கொண்டான். இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டான். கொளஞ்சியப்பன்தான் பரிமாறினான். வாளி கைக்குப் பழகினதுதானே. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி வாசலுக்கு வந்தவன் கண்ணில் வண்டி பட்டது. வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டே போய் பையைத் தட்டிப் பார்த்தான், சரியாக அந்த இடத்தில்.

"பை ஜோரா கீது மாமா. ஆனா எதுக்கு இந்த வாரெல்லாம்? காந்தம் வச்சதே வருதே, அத வாங்கியிருக்கலாம் இல்ல?"

"அது ஒட்டல மச்சான்" என்றான் கொளஞ்சியப்பன்.

இளவரசு பையிலிருந்து கையை எடுத்தான். அக்காவைப் பார்த்தான், அவள் வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது, விருத்தாசலம் பஸ் பிடிக்க வேண்டும் என்று செருப்பைத் தேடினான்.

கொளஞ்சியப்பன் உள்ளே போய்ச் சாவி எடுத்து வந்தான். ஒரு உதையில் வண்டி கிளம்பியது. "ஏறு மச்சான், பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வரேன்."

"இல்ல மாமா, இருக்கட்டும். நான் ஆட்டோல போயிக்கிறன்."

"ரெண்டு கிலோமீட்டர்தான் மச்சான். ஏறு."

இளவரசு ஏறவில்லை. தெருமுனையில் போன ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனான். அறிவுமதி ஓடிவந்து, மாமா வேண்டாமென்றால் என்னையாவது கடைத்தெரு வரை கூட்டிப்போ அப்பா என்று பின் சீட்டில் கை வைத்தாள். அமிர்தம் வாசற்படியிலிருந்து ஓரடி எடுத்து வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியப்பன் வண்டியை அணைத்துவிட்டான்.

"நடந்து போலாம் வா பாப்பா" என்றான். "ஒடம்புக்கு நல்லது."

மறுநாள் காலை ஏழு மணிக்கு லென்ஸை அடுக்கி, ஜிப்பை மூடி, நாலு வாரையும் இழுத்துக் கட்டிவிட்டு, அவன் மட்டும் ஏறிச் சிதம்பரத்துக்குப் போனான்.